ஏழாவது கட்டம்

எல்சியிடம் ஒரு நல்ல குணம் உண்டு. அடுத்தவர் கண்ணில் கிடக்கும் துரும்பைப் பத்தடி தள்ளி நின்றே கண்டுபிடித்துவிடுவாள். உன் கண்ணில் உத்திரம் ஏதாவது கிடக்கிறதா என்று கேட்டால், அதெல்லாம் பார்த்தாச்சு, ஒன்றும் இல்லை, சர்டிபிகேட்டே வாங்கியாச்சு என்பாள்.

சர்டிபிகேட் நிஜமாகவே இருந்தது. எண்ணூர் நெடுஞ்சாலையில் ஒரு கண்டெய்னர் யார்டுக்கு எல்சிதான் மேனேஜர். துறைமுகத்துக்குப் போகிற பெட்டிகளும் அங்கிருந்து வருகிற பெட்டிகளும் இரண்டு நாள் தங்கிப் போகிற இடம் அது. நூற்றெண்பது பேர் வேலை பார்க்கிறார்கள். ஜனவரியில் தலைமை அலுவலகம் எல்லா மேனேஜர்களையும் ஒரு ஏசி ஹோட்டலுக்குக் கூப்பிட்டு ஒரு நாள் முழுக்க வகுப்பு எடுத்தது. நமக்கே தெரியாமல் நம் மனசு செய்கிற ஓரவஞ்சனையைப் பற்றி. மத்தியானம் பிரியாணி, சாயங்காலம் பரீட்சை. இருபது கேள்வி. எல்சி இருபதுக்கு இருபது வாங்கினாள்.

அதற்கப்புறம் யார்டில் ஒருவருக்கும் நிம்மதி இல்லை. கேட்டில் நிற்கும் செக்யூரிட்டி இன்னாசி, புதிதாக வருகிற ஆளிடம் "எந்த ஏரியா நைனா?" என்று கேட்டுவிட்டால் போச்சு, அது ஓரவஞ்சனை என்பாள் எல்சி. கேண்டீன்காரர் உச்சிமாகாளி தன் ஊர்ப் பக்கத்து டிரைவர்களுக்கு மட்டும் சாம்பாரை ஒரு கரண்டி தூக்கலாக ஊற்றுவார். ஒரு நாள் எல்சி அதையும் பார்த்துவிட்டாள்.

"அண்ணாச்சி, இதுவும் அதுதான்."

"சாம்பார்லயுமா மேடம்?"

"சாம்பார்லதான் ஆரம்பிக்கும்."

பாவம், அவர் ஒரு வாரம் எல்லோருக்கும் கரண்டியை அளந்து அளந்து ஊற்றி, ஊர்க்காரர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

ஹெச்.ஆர். பார்க்கிற பிராங்கிளின் அதிகம் பேசாத ஆள். முப்பது வயசுக்குள் அறுபது வயசுப் பொறுமை. அவன் ஒரு நாள் பைலைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னான். "எல்லார் மனசுலயும் ஒரு ஓரவஞ்சனை இருக்கும்னுதானே மேடம் வகுப்புல சொல்லிக் குடுத்தாங்க?"

"எனக்கும் இருக்கும்தான். கண்டுபிடிச்சா சொல்லுங்க பிராங்கிளின்" என்றாள் எல்சி, பெருந்தன்மையாக.

அந்த நேரத்தில்தான் ஜன்னலுக்கு வெளியே பூமாரியின் குரல் கேட்டது.

"இன்னா மாமு, எந்த லோகத்துல கீற? ரைட்ல ஒடி... ஒடி... ஒடி... நிப்பாட்டு! அப்டியே நில்லு, மூச்சு வுடாத!"

நாற்பதடி டிரெய்லர் ஒன்று நூல் பிடித்தாற்போல வரிசையில் வந்து நின்றது. எல்சி எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினாள். வெயில் என்று தனக்குத்தானே காரணம் சொல்லிக்கொண்டாள்.

பூமாரிக்கு முப்பத்து நாலு வயது. காசிமேட்டுக்காரி. எட்டு வருஷமாக இந்த யார்டில் செக்கர். எந்தப் பெட்டி எந்த வரிசையில் எத்தனையாவது அடுக்கில் இருக்கிறது என்று கேட்டால் கம்ப்யூட்டர் யோசித்துக்கொண்டிருக்கும்போதே சொல்லிவிடுவாள். கஸ்டம்ஸ் அதிகாரிகள் வந்தால் முதல் கேள்வியே "பூமாரி டூட்டியில இருக்கா?" என்பதுதான். இதையெல்லாம் எல்சி பார்க்காமல் இல்லை. கண் பார்த்தது, மனசு வாங்கிக்கொள்ளவில்லை.

ஷிப்ட் இன்சார்ஜ் வேலைக்கு பூமாரி போன வருஷமும் எழுதிப் போட்டாள், அதற்கு முந்தின வருஷமும் போட்டாள். இரண்டு தடவையும் எல்சி ஒரே வரியைத்தான் எழுதினாள்: "கம்யூனிகேஷன் போதாது." எழுதும்போது அவளுக்கு மனசு உறுத்தவில்லை. நியாயமாகத்தான் எழுதுகிறோம் என்று நினைத்தாள்.

இந்த வருஷமும் இடம் காலியானது. பூமாரி விண்ணப்பத்தைக் கையில் எடுத்துக்கொண்டு நேராகவே வந்துவிட்டாள். ஹெல்மெட்டைக் கழற்றி இடுக்கிக்கொண்டு கதவோரம் நின்றாள்.

"மூணாவது தபா எயுதிப் போட்டுக்கீறேன் மேடம். இதுவும் இல்லன்னா நான் கெளம்பறேன். காசிமேட்டுல மீன் ஏத்துமதி கம்பெனில வா வான்னு கூப்ட்டுகினு கீறாங்கோ. எனக்கு இந்த வேலதான் புடிக்கும். அதான் மொதல்ல உங்களாண்ட சொல்லிடறேன்."

"நான் எல்லாரையும் ஒரே மாதிரிதான் பார்ப்பேன், பூமாரி."

"பாருங்கோ. ஆனா ஒண்ணு மேடம். ரெண்டு வருசமா கம்மினிகேசன் பத்தலன்னு எயுதிக்கீறீங்கோ. நான் சொல்லி இந்த யார்டுல எவனுக்கு புரியாம போச்சு? ஒருத்தன் பேரு சொல்லுங்கோ."

"அது அப்படியில்ல... பெரிய பெரிய ஆளுங்க வருவாங்க... பேச்சுல ஒரு இது வேணும்" என்றாள் எல்சி. அந்த 'இது' என்னவென்று பூமாரி கேட்கவில்லை. வாக்கி டாக்கி கத்தியது, போய்விட்டாள்.

அந்த 'இது' என்னவென்று எல்சிக்கு நன்றாகத் தெரியும். பதினெட்டு வருஷத்துக்கு முன்னால், முதல் வேலைக்கான நேர்முகத் தேர்வில், வீடு எங்கேயம்மா என்று கேட்டார்கள். "ராயபுரத்துல கீது சார்" என்று தயங்காமல் சொன்னாள். மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர் சிரித்தார்கள். ஒருவர் அதையே திரும்பச் சொல்லிக் காட்டி இன்னொரு தடவை சிரிக்க வைத்தார். வேலை கிடைக்கவில்லை. அன்றிலிருந்து எல்சிக்கு இரண்டு நாக்கு. ஆபீஸில் செய்தி வாசிப்பவள் தோற்றுப்போவாள். வீட்டில், ரயில்வேயில் வேலை பார்க்கும் கணவன் ஃப்ரெடி சாவியை எங்கேயாவது தொலைத்துவிட்டால், ராயபுரத்து மாதா கோயில் தெரு வரைக்கும் அவள் குரல் கேட்கும்.

"கம்பெனி தமிழை வாசல்லயே அவுத்து வெச்சிட்டு வந்துட்டியா? அப்பாடா" என்பான் ஃப்ரெடி.

"சும்மா கெட. பேஜாரு பண்ணாத."

பதினெட்டு வருஷமாக அவள் பொத்திப் பொத்தி வைத்ததை பூமாரி பட்டப்பகலில், யார்டு முழுக்கக் கேட்கிற மாதிரி, ஒரு கூச்சமும் இல்லாமல் பேசினாள். அதுதான் எல்சிக்கு ஆகவில்லை. ஆனால் அதை அவள் தனக்கே சொல்லிக்கொண்டதில்லை.

இன்னொரு விண்ணப்பம் சுடலைராஜுடையது. தூத்துக்குடிப் பக்கத்து இளைஞன். யார்டுக்கு வந்து இரண்டு வருஷம் ஆகிறது. டிப்ளமோ. சட்டையை இன் செய்து, தலையைப் படிய வாரி, "சரிங்க மேடம்" என்று நிறுத்தி நிதானமாகப் பேசுவான். எல்சி மனசுக்குள் நாற்காலியைத் துடைத்து அவனை உட்கார வைத்தே விட்டாள்.

பிராங்கிளின்தான் ஒரு யோசனை சொன்னான். வகுப்பில் சொல்லிக்கொடுத்ததுதான். பெயரை மறைத்துவிட்டு எழுத்துத் தேர்வு வைக்கலாம். தாளில் ஒன்று, இரண்டு என்று நம்பர் மட்டும். யார் எந்த நம்பர் என்பது அவனுக்கு மட்டும் தெரியும்.

"பிரமாதம். அப்புறம் யாரும் என்னை ஒரு வார்த்தை சொல்ல முடியாது" என்றாள் எல்சி. கேள்வியை அவளே தயாரித்தாள். மழை பெய்கிறது, கேட்டில் நாற்பது டிரெய்லர்கள் நிற்கின்றன, டிரைவர்கள் சண்டைக்கு வருகிறார்கள், உள்ளே இறால் ஏற்றிய குளிர்சாதனப் பெட்டி ஒன்றுக்குக் கரண்ட் போய்விட்டது, நீங்கள் இன்சார்ஜ், என்ன செய்வீர்கள்?

மறுநாள் காலை இரண்டு தாள்களும் மேசைக்கு வந்தன. யார்டில் எல்லாமே டேப்லெட்டில் தட்டுவதுதான், விண்ணப்பம்கூட அச்செடுத்துத்தான் வரும். எட்டு வருஷத்தில் பூமாரியின் கையெழுத்தை எல்சி பார்த்ததே இல்லை. சுடலைராஜுடையதும் அப்படித்தான். எல்சி சிவப்புப் பேனாவைத் திறந்தாள்.

முதல் தாள் இரண்டு பக்கம் ஓடியது. உயரதிகாரிகளின் வழிகாட்டுதலின்படி, மேலதிகாரிகளின் ஒப்புதலைப் பெற்று, சம்பந்தப்பட்ட துறைக்குத் தகவல் தெரிவித்து... முடிவதற்குள் பெட்டியில் இருந்த இறால் அழுகிப்போயிருக்கும். எல்சி ஓரத்தில் எழுதினாள்: "வளவள. யாரைக் கேட்பது என்பதிலேயே பாதி நேரம் போய்விட்டது."

இரண்டாம் தாள் அரைப் பக்கம். முத்து முத்தான எழுத்து.

"முதலில் பெட்டியின் டெம்பரேச்சரைக் குறித்துக்கொள்வேன். பிறகு பக்கத்து வரிசை பிளக்குக்குப் பெட்டியை மாற்றச் சொல்வேன். அது நடக்கும்போது நானே கேட்டுக்குப் போய் முன்னால் நிற்கும் பத்து டிரைவர்களிடம் இன்னும் எவ்வளவு நேரம் ஆகும் என்று சொல்வேன். அவர்கள் பின்னால் இருப்பவர்களுக்குச் சொல்லிவிடுவார்கள். காத்திருப்பதால் டிரைவருக்குக் கோபம் வராது. எவ்வளவு நேரம் என்று யாரும் சொல்லாததால்தான் வரும். மழையில் நிற்பவர்களுக்கு கேண்டீனில் இருந்து டீ அனுப்புவேன்."

எல்சி அதை இரண்டு முறை படித்தாள். பிறகு மனசாரச் சிவப்பில் எழுதினாள்: "அருமை. சுருக்கம், தெளிவு. ஒரு வார்த்தை வீண் இல்லை. ஆட்களை வைத்து வேலை வாங்கத் தெரிந்தவர்." அது போதாது என்று கீழே இரண்டு கோடும் போட்டாள்.

"இரண்டாம் நம்பர்தான், சந்தேகமே இல்ல" என்று தாளைப் பிராங்கிளினிடம் நீட்டினாள். "எனக்குத் தெரியும் இது சுடலைராஜ்னு. அந்தப் பக்கத்து ஆளுங்களுக்குக் கையெழுத்து இப்படித்தான் இருக்கும்."

"இது பூமாரி மேடம்."

எல்சி தாளைத் திரும்ப வாங்கிப் பார்த்தாள். எழுத்து மாறவில்லை. ஆனால் என்ன அதிசயமோ, அரை நிமிஷத்துக்கு முன் கண்ணில் படாத குறைகள் எல்லாம் வரிசையாகத் தெரிய ஆரம்பித்தன.

"அப்படியா... நல்லாதான் எழுதியிருக்கா. ஆனா ரொம்ப சுருக்கமா இல்ல, பிராங்கிளின்? இன்சார்ஜுன்னா கொஞ்சம் விவரமா எழுத வேண்டாமா? டீ அனுப்புவேன்னு வேற எழுதியிருக்கா. நமக்கு டீக்கடையா நடக்குது?" அவள் முதல் தாளை எடுத்துக்கொண்டாள். "இது பாருங்க, கொஞ்சம் நீளம்தான். ஆனா ஒரு பொறுப்பு தெரியுது. பெரியவங்களை மதிக்கிற குணம் தெரியுது."

பிராங்கிளின் இரண்டு தாள்களையும் அவள் பக்கமாகத் திருப்பிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தான். சிவப்பு மை இன்னும் சரியாகக் காயவில்லை.

"மேடம், இது உங்க கையெழுத்துதானே?"

எல்சி படித்தாள். வளவள. அருமை. ஒரு வார்த்தை வீண் இல்லை. இரண்டு கோடு. அவள் காது மடல் சுட்டது. பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறாள். தானே தன் இலையில் அதைச் செய்துகொண்டிருந்ததை இப்போதுதான் பார்த்தாள். ஒரு பெயரைக் கேட்டதும் அரை நிமிஷத்தில், யாரும் சொல்லிக்கொடுக்காமல், அளவுகோலையே மாற்றிவிட்டாள். இப்படிச் சிவப்பு மையில் சாட்சி இல்லாத அந்த இரண்டு வருஷத்தில் எத்தனை தடவை மாற்றியிருப்பாள்?

வெட்கமாக இருந்தது. அழுகை வரவில்லை, ஆனால் வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"பிராங்கிளின்."

"மேடம்."

"கண்டுபிடிச்சா சொல்லுங்கன்னு சொன்னேன் இல்ல?"

"நான் ஒண்ணும் சொல்லலையே மேடம்" என்றான் அவன், முகத்தை நல்ல பிள்ளையாக வைத்துக்கொண்டு.

முடிவெடுப்பது அதற்கப்புறம் சுலபமாகத்தான் இருந்தது. சுடலைராஜைக் கூப்பிட்டுச் சொன்னபோது அவன் முகம் ஒரு கணம் வாடியது. உடனே தேற்றிக்கொண்டான். "அக்காவுக்குத்தான மேடம்? நல்லது. என்னைய இன்சார்ஜாப் போட்டிருந்தாலும் ஒரு சந்தேகம்னா நான் அவியகிட்டதான் போய் நின்னுருப்பேன்." யார்டு முழுக்கத் தெரிந்த விஷயம், மேனேஜர் அறைக்கு மட்டும் வந்து சேரவில்லை.

சிக்கல் தலைமை அலுவலகத்தின் படிவத்தில் இருந்தது. ஆறு கட்டங்களை எல்சி மடமடவென்று நிரப்பினாள். ஏழாவதில் பேனா நின்றது. "முன்பு நிராகரிக்கப்பட்டவர் எனில், அதன் பிறகு விண்ணப்பதாரரிடம் காணப்படும் முன்னேற்றம்." இந்தக் கட்டம் காலியாகப் போனால் படிவம் அப்படியே திரும்பி வரும். இரண்டு முறை வேண்டாம் என்று சொன்ன ஆளை மூன்றாம் முறை ஏன் வேண்டும் என்கிறீர்கள் என்று கேட்பார்கள்.

"கம்யூனிகேஷன் நன்கு முன்னேறியுள்ளதுன்னு போட்டுடுங்க மேடம்" என்றான் பிராங்கிளின். "ஒரு வரி. அவங்களுக்கும் வேலை கிடைச்சுடும், உங்களுக்கும் ஒண்ணும் ஆகாது."

நல்ல வழிதான். யாருக்கும் நஷ்டம் இல்லை. எல்சி 'க' என்று எழுதக்கூட ஆரம்பித்தாள். பிறகு அந்த வரி பூமாரியின் பைலில் எத்தனை வருஷம் கிடக்கும் என்று நினைத்துப் பார்த்தாள். ஏதோ குறையோடு இருந்த ஒருத்தி, மேனேஜர் கண்டித்ததால் திருந்தியதாக அல்லவா ஆகும்? பூமாரி போன வருஷம் பேசிய அதே பேச்சைத்தான் இன்றைக்கும் பேசிக்கொண்டிருக்கிறாள். கேட்டில் அது இப்போதுகூடக் கேட்கிறது.

'க'வை அடித்துவிட்டு எழுதினாள்.

"விண்ணப்பதாரரிடம் புதிதாக எந்த முன்னேற்றமும் இல்லை. இரண்டு வருடங்களுக்கு முன்பே அவர் இந்த வேலைக்கு முழுத் தகுதியோடு இருந்தார். அவர் பேசும் தமிழைக் கேட்டு, அவர் சொல்வதைக் கேட்காமல் விட்டேன். குறை மதிப்பிட்டவரிடம் இருந்தது. எல்சி, யார்டு மேனேஜர்."

பிராங்கிளின் படித்துவிட்டுத் தொண்டையைச் செருமினான். "இருபதுக்கு இருபது வாங்கினவங்க இப்படி எழுதினா மேலிடத்துல சிரிப்பாங்க மேடம். உங்க அப்ரைசல்லயும் கேப்பாங்க."

சிரிப்பு என்றால் எல்சிக்கு இன்றைக்கும் பயம்தான். "சிரிச்சிட்டுப் போறாங்க, அனுப்பு" என்றாள். அவசரத்தில் நீங்க போய் நீ வந்துவிட்டது.

சிரித்தார்களோ என்னவோ. தலைமை அலுவலகத்திலிருந்து இரண்டு போன் வந்தது, எழுதியது நீங்கள்தானா என்று கேட்டு. நான்தான் என்றாள். நாலாம் நாள் உத்தரவு வந்தது. கூடவே படிவத்தின் நகலும் இணைக்கப்பட்டிருந்தது.

பூமாரியை வரச் சொல்லி, பிராங்கிளினும் அறையில் இருக்கும்போதே எல்சி இரண்டையும் அவள் கையில் கொடுத்தாள். வாயால் சொல்லிக்கொள்ளத் தைரியம் போதவில்லை. பூமாரி உத்தரவைப் பார்த்தாள், வாய் மலர்ந்தது. அப்புறம் நகலைப் பார்த்தாள். ஏழாவது கட்டத்துக்கு வந்ததும் மலர்ந்த வாய் மூடிக்கொண்டது. நின்றபடியே இன்னொரு தடவை படித்தாள்.

"ரெண்டு வருசம் மேடம்" என்றாள்.

"ஆமா. ரெண்டு வருஷம். அதைத் திருப்பிக் குடுக்க எங்கிட்ட வழியில்ல. மன்னிச்சிடு பூமாரி."

"அது அப்பால பாத்துக்கலாம்." பூமாரி காகிதங்களை மடித்து வைத்தாள். அவள் கோபமாக இருக்கிறாளா இல்லையா என்று எல்சியால் கண்டுபிடிக்க முடியவில்லை. "இன்னும் எத்தினி பேருக்கு இந்த மாரி கம்மினிகேசன்னு எயுதி வெச்சிக்கீறீங்கோ?"

இந்தக் கேள்வி எல்சிக்குத் தோன்றவே இல்லை. ஒருத்திக்குச் செய்ததைச் சரிசெய்துவிட்டு, கணக்கு முடிந்தது என்று இருந்துவிட்டாள். பிராங்கிளின் எழுந்து போய் அலமாரியைத் திறந்தான். கொஞ்ச நேரம் தேடினான். பைல்களை ஒன்றன்மேல் ஒன்றாக மேசையில் அடுக்கினான். பதினொன்று.

பூமாரி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். எட்டு வருஷத்தில் அந்த அறையில் அவள் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. "ஒண்ணொண்ணா எடுங்கோ" என்றாள். இன்சார்ஜ் சொன்னால் கேட்கத்தானே வேண்டும். எல்சி மேலே இருந்த பைலைப் பிரித்தாள். பெயர் ஆஃபியா. கீழே எல்சியின் கையெழுத்தில் அதே ஒரு வரி.

பூமாரி எட்டிப் பார்த்தாள்.

"இவளா? தமிழ், உருது, இந்தி மூணும் பேசுவா மேடம். வடக்கத்தி டிரைவரு எவன் வந்தாலும் நாங்க இவளத்தான் இஸ்துகினு போவோம்."